கையடக்கக் கருவி: நிறையும் குறையும்



உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் உரையாட விரும்புகிறேன். விளையாட்டும், பாட்டும், படமும், செய்தியும், நூலும் ஒருங்கே தருகின்ற கருவி அது. அதனை வெறுத்து ஒதுக்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வியந்து போற்றவும் வரவில்லை. எந்தப் பொருளையும் தராசில் இட்டு, அதன் நிறை யாது, குறை யாது என்று நிறுத்துப் பார்ப்பது ஆசிரியத் தொழிலில் முடியை நரைக்கவிட்ட எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த முறையில் இக்கருவியையும் நிறுத்துப் பார்ப்போம். அப்படி நிறுக்கும்போது, குறை என்று நாம் தள்ளிய சில, நமக்குக் காவலாக நின்ற வேலிகளாய் இருந்தன என்பது புலப்படும். அந்த ஒன்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

கையில் எடுத்துச் செல்லும் விளையாட்டு நம்மவர்க்குப் புதிதன்று. பல்லாங்குழிப் பலகையை நினைத்துப் பாருங்கள். இரண்டு வரிசைக் குழிகள், சில சோழிகள் அல்லது புளியங்கொட்டைகள், அவ்வளவே கருவி. மடக்கி இடுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போகலாம். ஆடு புலி ஆட்டத்துக்கு அதுவும் வேண்டா. ஒரு கரித்துண்டும் சில கூழாங்கற்களும் போதும். நம் பழைய கோயில்களின் கல்தளங்களில் ஆட்டக் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இவ்விளையாட்டுகளில் இரண்டு இயல்புகள் உண்டு. எதிரே ஒருவர் இருந்தால்தான் ஆட முடியும். காய்கள் தீர்ந்தால் ஆட்டம் முடியும். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, மின்சாரத்தால் இயங்கும் கையடக்கக் கருவிக்கு வருவோம். 1980-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தார் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற சிறு கருவியை வெளியிட்டனர். அதை உருவாக்கியவர் குன்பெய் யோகோய் என்ற பொறியாளர். ரயிலில் பயணம் செய்த ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பர். ஒரு கருவியில் ஒரு விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம். விளையாட்டோடு கடிகாரத்தையும் ஒரே திரையில் வைத்தது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

அதே நிறுவனத்தார் 1989-இல் 'கேம் பாய்' என்பதை வெளியிட்டனர். அதன் திரை பசுமை கலந்த சாம்பல் நிறமுடையது, வண்ணம் கிடையாது, இருட்டில் பார்க்கத் திரைக்கு ஒளியும் கிடையாது. அடுத்த ஆண்டே சேகா என்ற போட்டி நிறுவனம் வண்ணத் திரையும் ஒளியும் உடைய 'கேம் கியர்' கருவியைக் கொண்டுவந்தது. பார்த்தவர் எல்லாரும் வண்ணக் கருவியே வெல்லும் என்று எண்ணியிருக்கக் கூடும். நடந்தது வேறு. வண்ணக் கருவி ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. நிறமற்ற கருவியோ நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. விலையும் குறைவு. கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து உலகில் 11 கோடிக்கு மேல் விற்றன. இதில் மாணவர்க்கு ஒரு பாடம் உண்டு: ஒரு கருவியின் சிறப்பு, அதில் எத்தனை வசதிகள் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கொண்டு மட்டும் அளக்கத்தக்கதன்று, எடுத்த காரியத்துக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதே அளவுகோல்.

இவை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற காலத்தில், நம் ஊர்த் திருவிழாக் கடைகளுக்கு இவற்றின் மலிவான உறவினர்கள் வந்து சேர்ந்தன. மேலிருந்து விழும் செங்கற்களை வரிசையாக அடுக்கும் சிறு கருவி, பலூனுக்கும் ஊதுகுழலுக்கும் நடுவே தொங்கியது. பிள்ளைகள் அதை 'வீடியோ கேம்' என்றார்கள். அந்தச் செங்கல் ஆட்டத்தின் மூலம் 'டெட்ரிஸ்'. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் கண்டுபிடித்தது. மாஸ்கோவில் பிறந்த ஆட்டம் பெரம்பலூர்ப் பக்கத்துத் தேர்த்திருவிழா வரை நடந்து வந்தது என்றால், கையடக்கப் பொருளுக்கு எத்துணை நீண்ட கால்கள் பாருங்கள்!

விளையாட்டையும் பிற கலைகளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்த கருவிகளுள் பெரும்பெயர் பெற்றது, சோனி நிறுவனத்தார் 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட 'பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்'. சுருக்கமாக அதைப் பி.எஸ்.பி. என்பார்கள். அதன் நிறைகளை முதலில் சொல்கிறேன். 4.3 அங்குல அகலத் திரை. அதில் 480-க்கு 272 என்ற கணக்கில் ஒளிப்புள்ளிகள். அந்நாளில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய விளையாட்டுகளுக்கு ஏறக்குறைய நிகரான உருவங்களை அது கையிலேயே காட்டியது. பாட்டுக் கேட்கலாம், திரைப்படம் பார்க்கலாம், புகைப்படங்களைச் சேர்த்து வைக்கலாம். கம்பியில்லா இணைப்பால் அருகிலுள்ள நண்பரோடு சேர்ந்து ஆடலாம். மறு ஆண்டு முதல் இணையப் பக்கங்களையும் படிக்க முடிந்தது. இத்தனையும் கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையில்! ஏறத்தாழ 8 கோடிக் கருவிகள் விற்றன. 2014-இல் அதன் காலம் முடிந்தது.

குறைகளும் அதற்கு இருந்தன. விளையாட்டுகள் சிறு வட்டத் தட்டுகளில் விற்கப்பட்டன. தட்டு சுழன்று செய்தியைத் தருவதற்குள் ஆடுபவர் காத்திருக்க வேண்டும். தட்டைச் சுழற்றவே பேட்டரியின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகும்; ஆதலால் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் கருவி கண்ணை மூடிவிடும். அந்தத் தட்டில் திரைப்படங்களையும் விற்றார்கள். அதை வேறு எந்தக் கருவியிலும் போட்டுப் பார்க்க இயலாது என்பதால் வாங்குவோர் குறைந்தனர். சேமிப்பு அட்டையும் அந்நிறுவனத்தாரின் தனி வகை. விலையோ நடுத்தரக் குடும்பத்தார் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டிய அளவினது.

தட்டு ஒரு தொல்லை என்று பலரும் சொல்லவே, 2009-இல் தட்டே இல்லாத 'பி.எஸ்.பி. கோ' என்ற வடிவம் வெளியாயிற்று. விளையாட்டுகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். தொல்லை தீர்ந்தது. ஆனால், அதுவரை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த தட்டுகளை அதில் பயன்படுத்த வழியில்லை. ஆடி முடித்த தட்டை நண்பனுக்கு இரவல் கொடுக்கும் வழக்கமும் அதோடு போயிற்று. ஒரு குறையைப் போக்கும்போது ஒரு நன்மையும் கூடவே போகலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தக் கருவி எங்கள் சிற்றூருக்கும் வந்தது. பெரம்பலூருக்கு அருகே கரிசல் நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்ற ஊர் அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் ஒரு தீபாவளிக்குத் தம் மகனுக்காக இதனை வாங்கிவந்தார். அவ்வீட்டுத் திண்ணையில் நான் கண்ட காட்சி வேடிக்கையானது. கருவி ஒருவன் கையில். ஆறேழு பிள்ளைகள் அவன் தோளுக்கு மேலும் கைக்குக் கீழும் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "எனக்கு ஒரு முறை கொடு" என்று கெஞ்சல். "அண்ணன் சொன்னான், இப்போது என் முறை" என்று வழக்கு. பிற்பகல் முழுதும் இப்படிக் கழியும். மாலை நான்கரை மணி அளவில் பேட்டரி தீர்ந்துவிடும். மின்சாரம் இருந்தால் சார்ஜ் ஏறும். இல்லையேல் அதுவும் இல்லை. உடனே அக்கூட்டம் அப்படியே எழுந்து களத்துமேட்டுக்கு ஓடும். இருட்டும் வரை அங்கே சடுகுடு. யாரும் அவர்களை அதட்டி எழுப்பவில்லை. கருவியின் குறையே எழுப்பிவிட்டது.

சடுகுடு என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2009-இல் சோனி நிறுவனத்தார் நம் நாட்டு விளையாட்டுகளையே கருவிக்குள் கொண்டுவந்தனர். ஐதராபாத்தைச் சேர்ந்த 'கேம் சாஸ்திரா' என்ற நிறுவனம் 'தேசி அட்டா' என்னும் பெயரில் அதை ஆக்கித் தந்தது. கபடி, கிட்டிப்புள், பட்டம் விடுதல் போன்றவை அதில் இடம்பெற்றன. நம் மண்ணின் ஆட்டங்களுக்கு உலகச் சந்தையில் ஓர் இடம் கிடைத்ததே என்று மகிழலாம். ஆனால் சடுகுடுவின் உயிர் எதில் இருக்கிறது? மூச்சில் இருக்கிறது. பாடிச் செல்பவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பாசறையில் நுழைகிறான். அந்த மூச்சு தீருமுன் திரும்பி வரவேண்டும். எதிரியைவிட முதலில் தன் மூச்சின் அளவை அவன் அறிந்திருக்க வேண்டும். கருவியில் ஆடும் சடுகுடுவில் விதியும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு; ஆடுபவனின் மூச்சுக்கு அங்கே வேலை இல்லை. கட்டைவிரலுக்கு மட்டுமே வேலை. ஆகவே, 'போதும், திரும்பு' என்று உள்ளிருந்து சொல்லும் குரலும் அங்கே இல்லை.

இதைச் சொன்னதால் கருவியில் கல்விக்கு உதவும் தன்மை ஒன்றுமே இல்லை என்று கொள்ளற்க. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் சில கோட்பாடுகளை எங்களுக்கு மனத்தில் பதியுமாறு கற்பித்தார்கள். எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. செய்து கற்கச் செய்க. பிழையைக் குழந்தை தானே கண்டு திருத்திக்கொள்ள விடுக. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விக் கருவிகள் இக்கடைசிக் கோட்பாட்டை ஒட்டி அமைந்தவை. தவறான குழியில் உருளைக் கட்டையைப் போட்டால், கடைசிக் கட்டைக்கு இடம் இராது. குழந்தை தானே தவற்றை அறியும். நல்ல விளையாட்டுக் கருவியும் இம்முறையையே பின்பற்றுகிறது. முதற்படி எளிது, அடுத்த படி சிறிது கடினம். தவறினால் அந்த நொடியே தெரிகிறது, மீண்டும் முயலலாம், ஏளனம் செய்வார் இல்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியன் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் செய்வது அரிது. ஒரு கணக்கை இரண்டாம் முறை போடச் சோம்பும் மாணவன், ஒரு விளையாட்டின் கடினமான படியை இருபது முறை முயல்கிறான் என்றால், அதில் ஆசிரியர்கள் கற்கவேண்டியதும் இருக்கிறது.

மாண்டிசோரி அம்மையாரின் கட்டைக்கும் கருவிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கட்டைகள் எல்லாம் குழிகளில் அமர்ந்ததும் வேலை முடிந்தது. குழந்தை மனநிறைவோடு எழுந்து போகும். பல்லாங்குழியிலும் அப்படியே. செய்தியும் இசையும் தந்த பழைய கையடக்கக் கருவியாகிய டிரான்சிஸ்டர் வானொலியிலும் அப்படியே. 1950-களில் உலகச் சந்தைக்கு வந்த அந்தச் சிறு பெட்டி, நம் உழவரின் தோளில் தொங்கி வயல் வரப்பு வரை போயிற்று. 1960-களில் திருச்சி வானொலி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சைத் தரணியில் ஏ.டி.டீ. 27 என்ற நெல்லைப் பயிரிட்ட உழவர்கள், அதை 'வானொலி நெல்' என்றே அழைத்தார்கள். ஒரு கையடக்கக் கருவி ஒரு நெல்லுக்குப் பெயர் தந்தது சிறிய செய்தியா? அந்த வானொலியிலும் ஒரு வேலி இருந்தது. இரவில் குறிப்பிட்ட நேரத்தில், "இத்துடன் எங்கள் ஒலிபரப்பு நிறைவு பெறுகிறது" என்று அறிவிப்பாளர் சொல்வார். அதன்பின் பெட்டியில் இரைச்சல்தான். கேட்டவர் விளக்கை அணைத்துப் படுப்பார்.

இப்பொழுது நம் கையில் உள்ள கருவியைப் பார்ப்போம். தொலைபேசியையும் விளையாட்டையும் இணைக்கும் முயற்சி நெடுநாளாக நடந்தது. 1997-இல் நோக்கியா 6110 கைப்பேசியில் வந்த பாம்பு ஆட்டத்தை உங்கள் பெற்றோர் அறிவர். அந்நிறுவனத்தார் 2003-இல் 'என்-கேஜ்' என்று ஒன்று செய்தனர். அதில் வேறு விளையாட்டு அட்டையைச் செருக வேண்டுமானால் பேட்டரியையே கழற்ற வேண்டும். பேசும்போது கருவியின் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்டவர் சிரித்தனர், கருவி நிலைக்கவில்லை. 2007-க்குப் பின் தொடுதிரைக் கைப்பேசிகள் வந்தன. அவை இதுவரை சொன்ன குறைகள் ஒவ்வொன்றையும் களைந்தன. தட்டு இல்லை. தனி அட்டை இல்லை. காத்திருத்தல் இல்லை. பேட்டரி தீரும் நேரத்தில் சார்ஜ் கம்பியைச் செருகிக்கொண்டே ஆடலாம். எதிரே ஆள் வேண்டா. உலகில் எங்கோ ஒருவர் எந்நேரமும் காத்திருக்கிறார். விளையாட்டுகள் பல இலவசம். முதல் நாளில் காசு கேட்பதில்லை.

குறைகள் எல்லாம் போயின. அவற்றோடு வேலிகளும் போயின. தட்டு முடிந்தது என்பது இல்லை. முறை வருகிறது என்பது இல்லை. நிகழ்ச்சி நிறைவு பெறுகிறது என்பதும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் வேலியற்ற கொல்லையில் ஆடு புகுந்தால் ஒரு நாளில் எத்தனை பாத்தி மிஞ்சும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் விளைவை நான் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வரலாயின. அவ்வேளையில் கையடக்கக் கருவி ஒன்று இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே இல்லை என்ற நிலை. சின்ன வெங்காயம் பயிரிடும் ஒரு குடும்பத்தார் இரண்டு ஆடுகளை விற்று, பத்தாம் வகுப்பில் இருந்த மகனுக்குக் கைப்பேசி வாங்கினர். நல்ல பையன், கணக்கில் கெட்டிக்காரன். சில திங்களில் அவன் இரவில் உறங்குவதில்லை என்று தாயார் வருந்தினார். அடுத்த பருவத்துக்கு விதை வெங்காயம் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம், தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து சிறிது சிறிதாகக் குறைந்திருந்தது. விளையாட்டில் வரும் வீரனுக்கு உடையும் ஆயுதமும் வாங்க அது போயிற்று. தந்தையார் அடிக்கக் கை ஓங்கினார். நான் தடுத்து, பையனைத் தனியே அழைத்துப் பேசினேன்.

"தம்பி, விட வேண்டும் என்ற எண்ணம் உனக்கு வரவில்லையா?" என்று கேட்டேன்.

"வருகிறது ஐயா. இந்த ஓர் ஆட்டம் முடியட்டும் என்று நினைப்பேன். அது முடியுமுன்பே அடுத்தது வந்து நிற்கிறது. முடிகிற இடம் எது என்றே எனக்குத் தெரியவில்லை ஐயா" என்றான்.

அவனுடைய மறுமொழியில் பொய் இல்லை. அவன் சோம்பேறியும் அல்லன், திருடனும் அல்லன். முடிவே இல்லாத ஒரு பொருளை, முடிக்கக் கற்றுக்கொள்ளாத வயதில், துணையின்றி அவன் கையில் கொடுத்தோம். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் விளையாட்டுச் சீர்கேடு என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2022 சனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. அது கூறும் அடையாளங்கள் மூன்று: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளுக்கும் விருப்பங்களுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு நேர்வதைக் கண்டும் தொடர்தல். பொதுவாக ஓர் ஆண்டளவு இந்நிலை நீடித்து, வாழ்வையே பாதித்தால்தான் மருத்துவர் அவ்வாறு முடிவு கட்டுவர். விளையாடும் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் என்று பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் முதல் அடையாளத்தையும் அந்தப் பையன் சொன்னதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவியில் வேலி இல்லாமற் போகவே, அரசுகள் வேலி கட்ட முயன்றன. தென்கொரியா 2011-இல் ஒரு சட்டம் செய்தது: பதினாறு வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது. பத்தாண்டுகளுக்குப் பின் அது பயன் தரவில்லை என்று கருதி நீக்கிவிட்டனர். சீனா 2021-இல், சிறுவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாம் என்று விதித்தது. நம் தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் பல குடும்பங்கள் சீரழிந்தன, உயிர்களும் போயின. அதனால் 2022-இல் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2025-இல் அதன்கீழ் வகுத்த விதிகள், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பதினெட்டு வயது நிரம்பாதோர் ஆடக் கூடாது என்றும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாருமே ஆடக் கூடாது என்றும் வரையறுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதிகள் செல்லும் என்று 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் வேண்டியதே. எனினும் சட்டத்தின் வேலி பணம் வைத்து ஆடும் சூதுக்கு மட்டும்தான். காசு வைக்காமல் ஆடும் ஆட்டம், முடிவின்றி ஓடும் குறும்படங்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தொடங்கும் பாட்டுகள் ஆகியவற்றுக்கு நம் நாட்டில் அத்தகைய நேர வேலி இல்லை. அங்கே வேலி கட்டவேண்டியவர் நீங்களே.

எதைக் காக்க அந்த வேலி? கருவியின் நன்மையைக் காக்கத்தான். அரியலூர் மாணவர் ஒருவர் சுண்ணாம்புக்கல் கிடக்கும் ஓடைக்கரையில் சுருள் வடிவான சிப்பி ஒன்றைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அந்தச் சிப்பி அக்கடலில் வாழ்ந்த உயிரின் எச்சம். அதனைக் கையிலுள்ள கருவியால் படம் எடுத்து, அளவைக் குறித்து, வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடலாம். பெரம்பலூர் மாணவர் சாத்தனூருக்குச் சென்று, 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே அதைப் பற்றிய கட்டுரையைப் படிக்கலாம். 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் அச்சிட்டுள்ள க்யூ.ஆர். குறியீட்டைக் கருவியின் முன் காட்டினால், பாடம் படமாக விரிகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய தமிழ் நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. நான் மாணவனாக இருந்தபோது ஒரு நூலைத் தேடித் திருச்சி நூலகத்துக்குப் பேருந்தில் போய்வர ஒரு நாள் செலவாகும். இன்று உங்களுக்கு அது ஒரு நிமிட வேலை. இத்துணைச் செல்வம் தரும் பொருளை வெறுப்பவன் அறிவுடையவன் ஆகான். அந்தச் செல்வத்துக்கு வழி விடாமல் வாசலிலேயே அடைத்துக்கொண்டு நிற்கிறது முடிவற்ற விளையாட்டு, குறை அதுதான்.

வேலி கட்டும் முறை கடினமன்று. கருவி முன்பு தானாகச் செய்ததை இனி நாம் நினைந்து செய்ய வேண்டும். ஆடத் தொடங்குமுன் முடியும் நேரத்தைத் தாளில் எழுதி, எதிரே வையுங்கள்; மனத்தில் மட்டும் வைத்தால் அது வழுக்கும். கூடுமானவரை பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு ஆடுங்கள். முறை மாறும்போது கை ஓயும், பேச்சும் வளரும். தந்தையின் வங்கிக் கணக்கு கருவியோடு இணைந்திருந்தால், விளையாட்டு அதைத் தொடாதபடி பிரித்து வைக்குமாறு நீங்களே வீட்டில் கேளுங்கள். படுக்கும் அறைக்குக் கருவி வேண்டா. கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். பெற்றோரும் தம் கருவிகளை அதே இடத்தில் வைத்தால், பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் மனத்தாங்கல் பாதி குறையும்.

நான் முன்பு சொன்ன பையன் இவ்வாறே செய்தான். எடுத்த எடுப்பில் வென்றான் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் எழுதிய நேரத்தை மூன்று நாள் மீறினான், மீறியதையும் எழுதினான். கருவியை அவன் கையிலிருந்து பிடுங்க வேண்டா என்று தந்தையாரிடம் கேட்டுக்கொண்டேன். பிடுங்கினால் வேலி தந்தையுடையதாகுமே தவிரப் பையனுடையதாகாது. மாலையில் வெங்காயக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்டான். மடை மாற்றும் வேலைக்கு ஒரு முடிவு உண்டு. கடைசிப் பாத்தி நனைந்தால் வீட்டுக்கு வரலாம். பின்னாளில் அவன் தொழிற்கல்விக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான்; கணினிப் பிரிவையே தேர்ந்தெடுத்தான். இப்போதும் விளையாடுகிறான் என்றே கேள்விப்படுகிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு சிறு பயிற்சியை வேண்டி நிற்கிறேன். அடுத்த ஏழு நாள்களுக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி கீறுங்கள். கருவியை எதற்காக எடுத்தேன் என்பது முதற்பத்தி. எத்தனை மணிக்கு எடுத்து எத்தனை மணிக்கு வைத்தேன் என்பது இரண்டாம் பத்தி. எடுத்த காரியம் முடிந்ததா என்பது மூன்றாம் பத்தி. யாருக்கும் காட்ட வேண்டா, மதிப்பெண்ணும் கிடையாது. எட்டாம் நாள் காலையில் அந்த மூன்றாம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழ் வரை ஒரு முறை படியுங்கள். உங்கள் வேலியை எங்கே கட்டவேண்டும் என்பதை அது காட்டிக் கொடுக்கும்.